பெயர்ப்பலகையில் ஒரு பழம்பதி

சுவாமிமலையில் தகப்பன்சுவாமியைத் தரிசித்து இறங்கும் அன்பர்கள், பஞ்சலோகத் திருமேனிகள் வார்க்கும் கூடங்களையும் நாடுவர். அங்கு ‘பூம்புகார்’ என்னும் பெயர்ப்பலகை கண்ணிற்படும். 1973இல் தோன்றிய தமிழ்நாடு கைத்திறத் தொழில்கள் வளர்ச்சிக் கழகம் தன் நிலையங்களுக்குச் சூட்டிய பெயர் இது.

புகார் என்பது ஆறு கடலிற் புகும் இடம். காவிரி கடலோடு கலக்கும் அவ்விடத்தில் சோழர்தம் துறைமுகம் விளங்கிற்று. அவ்வூர் வணிகர், கொள்வதை மிகுதியாகக் கொள்ளாமலும் கொடுப்பதைக் குறைக்காமலும் நடுநிலை காத்தனர் எனப் பட்டினப்பாலை போற்றுகிறது. அந்நகரைக் கடல் கொண்ட செய்தியை மணிமேகலை கூறும்.

மாளிகைகள் மறைந்த அம்மண்ணில், ஞானசம்பந்தர் பாடிய பல்லவனீச்சரத்திலும் சாயாவனத்திலும் இன்றும் வழிபாடு நடைபெறுகிறது. அடியார் கேட்டது எதையும் இல்லையென்னாத இயற்பகை நாயனார் பிறந்தது இவ்வூரே. பெருவணிகராய் வாழ்ந்து செல்வமனைத்தையும் துறந்த பட்டினத்தடிகளுக்கும் இதுவே ஊர்.

நேர்மையாய் ஈட்டவும், ஈட்டியதை மனமுவந்து ஈயவும் கற்பித்த பதி அது. குத்துவிளக்கோ விக்கிரகமோ வாங்கச் செல்வோர், அப்பெயரை ஒருகணம் நின்று படிக்கலாம். சீர்காழிக்குச் செல்வோர், சற்றே கிழக்கே சென்று அவ்வூர் ஈசனையும் தரிசித்து வரலாம்.