மயிலிட்டிக் கரையில் ஒரு தேவகானம்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடகரையிலே, காங்கேசன்துறைக்கும் பலாலிக்கும் இடையில், கடலைப் பார்த்தபடி அமைந்திருக்கும் ஊர் மயிலிட்டி. மீன்வளத்தாற் புகழ்பெற்ற துறைமுகம் அதனுடையது. வலையும் வள்ளமும் அவ்வூருக்குச் சோறு போட்டன. இது யாவரும் அறிந்தது. ஆனால் அவ்வூருக்கும் அதனைச் சூழ்ந்த வலிகாமம் வடக்குக் கிராமங்களுக்கும் வேறொரு செல்வமும் உண்டு. அது பாட்டு. சைவக் கோயிலின் தேவாரத்தோடும் மேளத்தோடும் பக்கத்திலேயே வளர்ந்த கிறிஸ்தவ ஆலயப் பாட்டு. அதன் வரலாற்றையும் அதற்கு இன்று நேர்ந்திருக்கும் நிலையையும் நம் பிள்ளைகள் அறிந்திருத்தல் நன்று.

வழியெல்லாம் இசை

யாழ் நகரிலிருந்து காங்கேசன்துறை வீதியால் வடக்கே போகிறவர் இசையின் ஊடாகவே போகிறார் என்று சொன்னால் மிகையாகாது. கொக்குவில் கடந்ததும் இணுவில் வரும். தவில் உலகின் சக்கரவர்த்தியெனத் தமிழ்நாட்டு வித்துவான்களும் கொண்டாடிய தெட்சணாமூர்த்தி (1933 - 1975) பிறந்த மண் அது. அதனை அடுத்து மருதனார்மடம். 1960இல் அங்கே தோன்றிய இராமநாதன் நுண்கலைக் கழகம் பின்னர் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தோடு இணைந்து, இன்றும் இசை மாணவரை உருவாக்கி வருகிறது. சுன்னாகம், மல்லாகம் கடந்தால் தெல்லிப்பழை. துர்க்கையம்மன் கோயிலின் மணியோசை கேட்கும் அதே ஊரிலேதான் அமெரிக்க மிஷனரிமார் 1816இல் வந்து இறங்கித் தம் முதற் பணியைத் தொடங்கினார்கள். அங்கிருந்து வடகிழக்கே சிறிது தூரம் சென்றால் உப்புக்காற்று முகத்தில் அடிக்கும். மயிலிட்டி வந்துவிட்டது என்று அதுவே சொல்லிவிடும்.

நானூறாண்டுப் பழமை

யாழ்ப்பாண அரசைப் போர்த்துக்கேயர் 1619இல் கைப்பற்றினர். அதன்பின் குடாநாடெங்கும் கோவிற்பற்றுக்களை வகுத்து ஆலயங்களை எழுப்பினர். 1658இல் ஒல்லாந்தர் வந்தபோது அவ்வாலயங்களே அவர்கள் கைக்கு மாறின. ஒல்லாந்தப் போதகரான பிலிப்பு பல்தேயஸ் என்பவர் சில ஆண்டுகள் யாழ்ப்பாணத்திலே தங்கியிருந்து, தாம் கண்டவற்றை ஒரு பெரிய நூலாக எழுதினார். 1672இல் ஆம்ஸ்டர்டாம் நகரில் வெளிவந்த அந்நூலிலே, வலிகாமத்து ஆலயங்களின் வரிசையில் தெல்லிப்பழையும் மல்லாகமும் மயிலிட்டியும் இடம்பெறுகின்றன. ஆகவே மயிலிட்டியிலே கிறிஸ்தவ வழிபாடு நடந்ததற்கு ஏறத்தாழ மூன்றரை நூற்றாண்டுக்கு முற்பட்ட எழுத்துச் சான்று நமக்குக் கிடைக்கிறது.

ஆலயம் ஒன்றே, அதனுள் எழுந்த பாட்டோ காலத்துக்குக் காலம் மாறியது. போர்த்துக்கேயர் காலத்துக் கத்தோலிக்கப் பூசை இலத்தீன் மொழியில் நடந்தது. ஒல்லாந்தரின் சீர்திருத்த சபையிலோ, தாவீதின் சங்கீதங்களைச் சபையார் அனைவரும் ஒரே குரலாகப் பாடுவது வழக்கம். ஒல்லாந்தர் கத்தோலிக்க வழிபாட்டைத் தடைசெய்தமையால் கத்தோலிக்க மக்கள் உரத்துப் பாடவும் இயலாத நிலை உண்டாயிற்று. அக்காலத்திலேதான், 1687இல், கோவாவிலிருந்து யோசேவாஸ் முனிவர் ஏழை வேடத்தில் யாழ்ப்பாணம் வந்து, சில்லாலையிலே மறைந்திருந்து அம்மக்களைத் தேற்றினார். 2015இல் பாப்பரசர் பிரான்சிஸ் கொழும்பிலே புனிதர் என்று அறிவித்தது அவரைத்தான்.

ஒப்பாரியே வழிபாடான விதம்

யோசேவாசைத் தொடர்ந்து 1705இல் இலங்கைக்கு வந்தவர் யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகள். இவரும் கோவாவிற் பிறந்தவரே. தமிழையும் சிங்களத்தையும் ஆழ்ந்து கற்று, இருமொழியிலும் நூல்கள் இயற்றிய பெரியார், 1742இல் காலமானார். இவருடைய ‘வியாகுலப் பிரசங்கம்’ என்ற நூல் இயேசுநாதரின் பாடுகளைப் பற்றியது. தபசுகாலத்திலே கத்தோலிக்கக் கிராமங்களில் அதனை வாசிக்கும் முறை தனித்தன்மை வாய்ந்தது. வெறுமனே வாசிப்பதில்லை, இராகத்தோடு இழுத்து வாசிப்பார்கள். இடையிடையே ஒப்பாரியும் பசானும் எழும். கேட்டிருப்போர் கண்ணீர் விடுவார்கள்.

சைவக் குடும்பத்திற் பிறந்த எனக்கு இம்முறை அந்நியமாகத் தோன்றவில்லை. நம் கோயில்களிலே கந்தபுராணப் படிப்பு நடைபெறும்போது, ஒருவர் செய்யுளை இசையோடு வாசிக்க, மற்றொருவர் பயன் சொல்லுவாரல்லவா? யாழ்ப்பாணத்தாரின் வாழ்வு முறையையே ‘கந்தபுராண கலாசாரம்’ என்று பெயரிட்டு அழைத்தார் பண்டிதமணி கணபதிப்பிள்ளை அவர்கள். நூலை ஊர் கூடியிருந்து இசையோடு கேட்பது என்ற அந்தப் பழக்கம் ஒரு மதத்துக்கு மட்டும் உரியதன்று என்பதை வியாகுலப் பிரசங்கம் காட்டுகிறது. செத்த வீட்டிலே தாயொருத்தி மாரடித்து அழும் குரல் ஊருக்குப் பொது. அக்குரலையே மரியன்னைக்கும் கொடுத்தார்கள் நம் கத்தோலிக்க மக்கள். கடலுக்குப் போனவன் திரும்பாத வீடுகள் உள்ள கரையோரக் கிராமங்களிலே அந்த ஒப்பாரி எத்துணை ஆழமாகப் பாய்ந்திருக்கும் என்பதை விளக்க வேண்டுவதில்லை.

கீர்த்தனையும் நாற்குரலும்

புரட்டஸ்தாந்து சபைகளின் பாட்டு வேறு வழியிலே வளர்ந்தது. தரங்கம்பாடிக்கு வந்த ஜெர்மன் போதகர்கள் தம் நாட்டு ஞானப்பாட்டுக்களைத் தமிழாக்கி, அவற்றின் மேனாட்டு மெட்டிலேயே பாடச் செய்தார்கள். இதிலே ஓர் இடர்ப்பாடு உண்டு. தமிழ்ச் செய்யுளுக்கு உயிர் குறிலும் நெடிலும். மேனாட்டுப் பாட்டுக்கு உயிர் அழுத்தம். அங்கே அழுத்தி ஒலிக்கவேண்டிய இடத்தில் இங்கே வேற்றுமை உருபோ, ஒரு குற்றெழுத்தோ வந்து நிற்கும். குறில் நீண்டு நெடில் குறுகினால் சொல்லின் பொருளே சிதைந்துவிடும். ‘படு’ என்பதை நீட்டினால் ‘பாடு’ ஆகிவிடுமே!

இக்குறையைத் தீர்த்தவர்களுள் முதன்மையானவர் தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774 - 1864). பல்லவி, அனுபல்லவி, சரணம் என்ற கீர்த்தனை அமைப்பிலே, கர்நாடக இராக தாளங்களோடு அவர் பாடிவைத்தார். மதுரை அமெரிக்க மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப் என்பவர் 1853இல் தமிழ்க் கிறிஸ்தவ கீர்த்தனைகளைத் தொகுத்து அச்சிட்டபோது, சாஸ்திரியாரின் பாடல்கள் அதிற் பெரிதும் இடம்பெற்றன. அந்த மதுரை மிஷனோ 1834இல் யாழ்ப்பாணத்திலிருந்து சென்றவர்களால் தொடங்கப்பட்டது. யாழ்ப்பாணத்து விதை மதுரையிலே முளைத்து, அங்கே பழுத்த கனி மீண்டும் பாக்குநீரிணையைக் கடந்து நமக்கே வந்ததென்று கொள்ளலாம்.

ஆயினும் மேனாட்டுப் பாட்டு மறைந்துவிடவில்லை. பாடகர் குழு என்னும் அழகிய ஏற்பாடு அதனாலேதான் நமக்குக் கிடைத்தது. சொப்பிரானோ, ஆல்ட்டோ, டெனர், பாஸ் என்று பெண்குரலிலும் ஆண்குரலிலும் இவ்விரண்டு பகுதிகள். நான்கு பகுதியாரும் ஒரே சொல்லை ஒரே நேரத்தில் நான்கு வேறு சுரங்களிலே பாடுவார்கள். நம் சங்கீதத்தில் ஒரே சுரவரிசை நதிபோல ஓடும். கமகம் அதன் அலை. அங்கேயோ சுரங்கள் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டு, கட்டடம்போல் எழும்பும். ஒருவர் சுரம் தவறினாலும் கட்டடம் சரியும். ஆகையால் நாற்குரலில் பாடுகிறவன் தன் குரலைக் காட்டிலும் பக்கத்திலிருப்பவன் குரலை அதிகம் கேட்கப் பழகவேண்டும். ஒரு வகுப்பறையிலே நாற்பது ஆண்டுக்கு நான் கற்பித்தாலும் இப்பாடத்தை அத்துணை எளிதாகப் புகட்ட முடியாது!

ஞாயிறு தோறும் இவ்விரு முறைகளும் ஒரே ஆலயத்தில் ஒன்றையொன்று தழுவி நிற்பதைக் குடாநாட்டிற் காணலாம். ஆர்மோனியமும் மிருதங்கமும் சேர்ந்து கீர்த்தனைக்குத் துணைநிற்க, அடுத்த பாட்டு நாற்குரலில் எழும். கத்தோலிக்க ஆலயங்களிலும் 1963ஆம் ஆண்டு டிசம்பரில் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட வழிபாட்டுச் சாசனத்தின் பின்னர், இலத்தீனின் இடத்துக்குத் தமிழ் வந்தது. பூசை முழுவதையும் தமிழிற் பாடும் பேறு அதன்பின்னரே கிடைத்தது. 1965இல் மரியசேவியர் அடிகளார் தொடங்கிய திருமறைக் கலாமன்றம் கூத்தையும் இசையையும் பாடுகளின் நாடகத்தையும் யாழ்ப்பாணத்து மேடைகளுக்குக் கொணர்ந்து, மதபேதமின்றி மக்களைத் திரட்டியது.

மௌனமான இருபத்தேழு ஆண்டுகள்

மயிலிட்டியிலே கத்தோலிக்க மக்களின் ஆலயம் காணிக்கை மாதாவின் பெயரால் அமைந்தது. பாட்டையும் ஒரு காணிக்கையாகவே எண்ணும் மக்களுக்கு மிகப் பொருத்தமான பெயர். ஆனால் 1990ஆம் ஆண்டு ஜூன் மாதத்திலே போர் அவ்வூரின் கதவைத் தட்டிற்று. மக்கள் கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு வெளியேறினார்கள். ஊர் உயர் பாதுகாப்பு வலயமாயிற்று. ஆலய மணியும் ஓய்ந்தது. சைவக் கோயில்களின் காண்டாமணியும் ஓய்ந்தது. மௌனத்திலே மதபேதம் இருக்கவில்லை.

2017ஆம் ஆண்டு ஜூலை 3ஆந் திகதி துறைமுகமும் அதனைச் சூழ்ந்த ஒரு பகுதிக் காணியும் விடுவிக்கப்பட்டன. இடையே கழிந்தவை இருபத்தேழு ஆண்டுகள். இந்த எண்ணைப் பாடகர் குழுவின் கணக்கிலே வைத்துப் பாருங்கள். 1990இல் பத்து வயதிற் பாடப் பழகிய சிறுமி 2017இல் முப்பத்தேழு வயதுத் தாய். அன்று நாற்பது வயதில் ஆர்மோனியப் பெட்டியின் முன் அமர்ந்தவர் அறுபத்தேழு வயது முதியவர். இடையிலே ஒரு முழுத் தலைமுறை தன் ஊர் ஆலயத்தின் உள்ளே நின்று ஒருமுறையேனும் பாடாமலே வளர்ந்துவிட்டது. நலன்புரி நிலையங்களிலும் உறவினர் வீடுகளிலும் தங்கியோர் சிலர். கடல் கடந்து இந்தியாவுக்கும், அதற்கப்பால் ஐரோப்பாவுக்கும் கனடாவுக்கும் சென்றோர் பலர். போன இடமெல்லாம் அவர்கள் பாட்டையும் கொண்டு சென்றார்கள். ஆனால் நான்கு குரலும் நான்கு நாட்டில் இருந்தால் நாற்குரல் இசை எங்ஙனம் எழும்?

கல்லும் மெட்டும்

இடிந்த சுவரைக் கட்டலாம். கல்லும் சீமெந்தும் விலைக்குக் கிடைக்கும். பாட்டின் சொற்களும் அச்சேறிய புத்தகங்களிலே பத்திரமாக இருக்கின்றன. கீர்த்தனைப் புத்தகத்திலே பாட்டின் தலைப்பில் இராகத்தையும் தாளத்தையும் குறித்திருப்பார்கள். ஆனால் வியாகுலப் பிரசங்கத்தை ஓர் ஊரார் எந்த இழுவையிலே வாசித்தார்கள், ஒப்பாரியின் எந்த அடியிலே குரலைத் தாழ்த்தினார்கள், நோட்டில் எழுதாத எந்த அசைவைப் பாடகர் குழுவின் மூத்தவர் பிள்ளைகளுக்குக் கற்பித்தார் என்பவை எந்தப் புத்தகத்திலும் இல்லை. அவை முதியோரின் தொண்டையிலே இருக்கின்றன. அங்கிருந்து ஒரு காதுக்கு இறங்காவிட்டால் அவர்களோடு போய்விடும்.

நம் தேவாரப் பண்களுக்கும் இத்தகைய விபத்து ஒருகாலத்தில் நேர்ந்ததாக மரபு கூறுகிறது. தில்லையிலே ஏடுகள் கிடைத்தன, பண்முறையோ மறந்துபோயிருந்தது. பின்னர் திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபிலே பிறந்த ஒரு பெண்ணின் வாயிலாகவே பண் மீண்டும் தெரிய வந்ததென்று சொல்லுவர். ஏடு மட்டும் போதாது, பாடும் ஒருவரும் வேண்டும் என்பதே அக்கதையின் கருத்து.

ஆகவே மாணவ மாணவியர்க்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டிலோ அயலிலோ பழைய மெட்டு அறிந்த பாட்டனாரோ பாட்டியாரோ இருந்தால், அவர்கள் அருகில் அமர்ந்து கேளுங்கள். இக்காலத்திலே ஒவ்வொருவர் கையிலும் ஒலிப்பதிவு செய்யும் கருவி இருக்கிறது. பதிவோடு பாடியவர் பெயரையும், ஊரையும், எந்தத் திருநாளுக்குரிய பாட்டு என்பதையும் எழுதிவையுங்கள். அதன்பின் அதனைப் பெட்டியிலே பூட்டிவிடாமல் நீங்களே பாடிப் பழகுங்கள். அது தேவாலயப் பாட்டாயினும், திருவாசகமாயினும், மீனவரின் அம்பாப் பாட்டாயினும் ஒன்றே.

மயிலிட்டித் துறையிலே வள்ளங்கள் மீண்டும் கடலேறுகின்றன. அவற்றிலே போகிறவர்களுக்காகக் கரையிலிருந்து எழும் வேண்டுதலும் பழைய மெட்டிலேயே எழவேண்டுமானால், கற்பிக்கவல்ல முதியோர் நம்மிடையே இருக்கும்போதே கற்கவேண்டும்.