கழற்றிய கேபிள்

இன்று எந்தக் கம்பெனி செல்போனும் எந்தக் கம்பெனி வைஃபை பெட்டியோடும் பேசிவிடுகிறது. 1980களின் கடைசியில் அப்படி இல்லை. 'எங்களிடமும் டிசிபி/ஐபி இருக்கிறது' என்று எல்லோரும் சொல்வார்கள். இணைத்துப் பார்த்தால்தான் உண்மை தெரியும். அமெரிக்காவில் 1988இல் தொடங்கிய இன்டராப் கண்காட்சியில் போட்டிக் கம்பெனிகள் தங்கள் கருவிகளை ஒரே வலையில் இணைத்துக் காட்டின. அதைப் பார்த்து மற்றவர்களும் அப்படிச் செய்ய ஆரம்பித்தார்கள்.

1989இல் கலிபோர்னியாவில் அப்படி ஒரு செயல்விளக்கத்தை ஒருங்கிணைக்கும் வேலை எனக்கு வந்தது. கேபிள் இழுப்பது சுலபம். மற்றதெல்லாம் கல்யாண வீட்டில் இரண்டு சம்பந்திகளையும் கோபிக்காமல் பார்த்துக்கொள்கிற வேலை.

திறப்புக்கு முந்தின மாலை வலை அடிக்கடி ஸ்தம்பித்தது. கடைசியாக வந்து இணைந்தது நாலே பேர் கொண்ட ஒரு சின்னக் கம்பெனி. எல்லோர் முன்னாலும் அவர்கள் கேபிளைக் கழற்றச் சொன்னேன். உடனே சரியாகிவிட்டது. பெரிய கம்பெனிக்காரர்கள் சிரித்தார்கள். அந்த இளைஞர் ஒன்றும் பேசாமல் கருவியை அட்டைப் பெட்டியில் வைக்க ஆரம்பித்தார்.

மனது கேட்கவில்லை. பதிவான பாக்கெட்டுகளை ராத்திரி உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன்.

எல்லோருக்கும் பொதுவாக அனுப்பும் பிராட்காஸ்ட் செய்திக்கு, முகவரியின் பின்பகுதி முழுக்க 1 ஆக இருக்க வேண்டும் என்று 1984இல் ஆர்.எஃப்.சி 919 சொல்லியிருந்தது. அதற்கு முன்பே வந்துவிட்ட பெர்க்லி யுனிக்ஸ் 4.2இல் அது முழுக்க 0. சின்னக் கம்பெனியின் கருவி அந்தப் பழைய வழக்கப்படி ஒரே ஒரு செய்தி அனுப்பியிருந்தது. தவறுதான். ஆனால் மற்ற கம்ப்யூட்டர்கள் அதை யாரோ ஒருவருக்கு வந்த கடிதம் என்று எண்ணி, தாங்களே கொண்டுபோய்ச் சேர்க்கப் புறப்பட்டு, 'இந்த முகவரி யாருடையது?' என்று ஒரே நேரத்தில் கூவியிருந்தன. தமக்கு வராத கடிதத்தைப் பேசாமல் விட்டிருக்க வேண்டும். அந்த வருஷ அக்டோபரில் வந்த ஆர்.எஃப்.சி 1122 இதைத் தெளிவாகவே எழுதி வைத்தது. பேசியது ஒருவர். வலையை நிறுத்தியது சிரித்தவர்களின் கூச்சல்.

கேபிளை அப்படியே விட்டிருந்தால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். காலை ஆறு மணிக்குக் கையில் அச்சிட்ட தாளோடு ஸ்டால் ஸ்டாலாகப் போய், பிறருடைய செய்தியைக் கடத்தும் வசதியை நிறுத்தச் சொன்னேன். முணுமுணுத்தார்கள், செய்தார்கள். அந்த இளைஞர் தன் கருவியில் ஒரே ஒரு வரி மாற்றினார். கதவு திறந்தபோது எல்லாக் கருவிகளும் பேசிக்கொண்டிருந்தன.

அவரைத் தனியாகக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லை சார்" என்றார்.

கழற்றச் சொன்னது ஊரறிய. மன்னிப்பு மட்டும் தூணுக்குப் பின்னால். அது இன்றும் உறுத்துகிறது.