போலீஸ்கிட்ட கார்டு கேட்டா மரியாதைக் குறைவா?

பதிவு கொஞ்சம் நீளம். வீட்டில் வயதான அம்மா, பாட்டி இருந்தால் படிச்சுக் காட்டுங்கள்.

செவ்வாய்க்கிழமை ராகு காலத்துக்குத் துர்க்கைக்கு எலுமிச்சை விளக்கு போட வரும் ஒரு அக்கா, அன்று விளக்கே ஏத்தாமல் தூண் ஓரமா நின்று போனில் பேசிக்கொண்டே இருந்தார். முகம் வெளுத்துப் போச்சு. "என்னக்கா?" என்று கிட்டப் போனால், பேசாதீங்கன்னு கையைக் காட்டுகிறார்.

முதலில் கூரியர் கம்பெனி என்று ஒரு பொண்ணு பேசிச்சாம். பார்சலில் பிரச்சினை, பாலாய்க்கு லைன் கொடுக்கிறேன்னு மாத்தி விட்டுச்சாம். அங்கே ஒருத்தர், தான் இன்ஸ்பெக்டர் என்று நம்பர் எல்லாம் சொல்லி, அக்காவின் பெயரும் ஐசி நம்பரும் போட்ட வாரண்டை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறார். வீட்டுக்காரர் இறந்த பிறகு வந்த ஈபிஎஃப் பணம் முழுவதையும் "பாதுகாப்பான கணக்குக்கு" மாத்தணுமாம். வெளியே சொன்னால் கேட்டவங்களையும் பிடிப்போம்னு மிரட்டல் வேற. அக்கா எங்களைத் தள்ளி நிற்கச் சொன்னது எங்களைக் காப்பாத்தத்தான்!

நாங்கள் ரெண்டு பேர் கூடவே போய் பாலாயில் ரிப்போர்ட் போட்டோம். கவுண்டரில் இருந்தவர் வாரண்டைப் பார்த்ததுமே பொய்னு சொல்லிட்டார். நல்லவேளை, பணம் போகவில்லை. ஆனா அக்கா வழியெல்லாம் கேட்டது ஒண்ணுதான்: "நிஜ போலீஸா இருந்து, நான் நம்பலைன்னு கோவப்பட்டிருந்தா?"

இந்தக் கேள்விக்காகத்தான் எழுதுகிறோம். நம்ம ஆளுங்களுக்குப் போலீஸ்னா பயம். அந்தப் பயத்துக்குக் காரணமே இல்லைன்னு நாங்கள் சொல்ல வரவில்லை, லாக்கப் செய்திகளை எல்லாரும் படிக்கிறோம். ஆனால் ஏமாத்துறவனுக்கு அந்தப் பயம்தான் மூலதனம்.

நம்ம கோவில் பேரில் ரசீது புத்தகத்தோட யாராவது வசூலுக்கு வந்தால், நீங்கள் ஆபீசுக்குப் போன் போட்டு உண்மையான்னு கேட்கிறீங்க. எங்களுக்குக் கோவமா வருது? சந்தோஷப்படுறோம். விசாரிச்சா கோவில் பேர்தான் காப்பாத்தப்படுது. போலீசும் அப்படித்தான்.

சாதாரண உடையில் வந்து நிறுத்தினால் கார்டு காட்டச் சொல்லிக் கேட்கலாம். நிதானமா, "துவான், கார்டு பார்க்கலாமா"ன்னு கேட்டால் போதும். இன்ஸ்பெக்டரும் அதற்கு மேலும் நீலக் கார்டு, அதற்குக் கீழே மஞ்சள், ரிசர்வ் போலீசுக்கு வெள்ளை. சிவப்புன்னா சஸ்பெண்ட் ஆனவர், உங்களை ஒண்ணும் செய்ய அவருக்கு அதிகாரம் இல்லை. கார்டையும் போலியா அடிக்கலாம் இல்லையா? அதனால் பெயர், நம்பர், வண்டி நம்பரை மனசில் வைத்துக்கொள்ளுங்கள். பெண்களை உடல் சோதனை செய்ய பெண் போலீஸ்தான் வரணும்.

போனில் வந்தால் இன்னும் சுலபம், வைச்சிடுங்க. திரையில் பாலாய் நம்பரே தெரிந்தாலும் நம்ப வேண்டாம், அதையும் மாத்திக் காட்டுறாங்க. அவன் கொடுக்கிற நம்பருக்குக் கூப்பிட்டால் எடுக்கிறது அவன் கூட்டாளியாத்தான் இருப்பான். நீங்களே தேடி எடுத்த நம்பருக்குக் கூப்பிடுங்கள். உங்களைப் பேங்குக்கு ஓட விடுகிற போலீஸ் எந்த பாலாயிலும் கிடையாது. பணம் போயிருந்தால் வெட்கப்பட்டு ஒளிக்காமல் உடனே 997க்கு அடியுங்கள். தாமதம் ஆக ஆக பணம் வேற வேற கணக்குக்குப் போயிடும்.

நிஜ போலீசே தப்பா நடந்தால்? 2023 ஜூலையிலிருந்து ஐபிசிசி ஆணையம் இருக்கிறது, புகார் கொடுக்கலாம். அதன் அதிகாரம் போதாது என்பது எங்கள் கருத்து, அதை இன்னொரு நாள் பேசுவோம்.

வெள்ளிக்கிழமை பூஜை முடிந்ததும் அன்னதானக் கூடத்து வாசலில் மேசை போட்டு உட்கார்ந்திருப்போம். பெரியவங்க போனைக் கொண்டு வாங்க, பக்கத்து பாலாய் நம்பரையும் 997ஐயும் ஏத்தித் தருகிறோம். கண்ணாடி மறக்காதீங்க.

ஆலயத் தொண்டர்கள்