ஒரு வியாழக்கிழமை

நுரைச்சோலையில் வெங்காயம் பிடுங்கும் நாட்களில் ஊரே தோட்டத்தில் நிற்கும். நானோ பாரிசவாதத்தால் படுக்கையில் கிடக்கும் அம்மாவின் அருகே இருப்பேன். நான்கு ஆண்டுகளாக இதுவே என் வாழ்வு. சென்ற மாதம் கிணற்றடியில் நானே மயங்கி விழுந்தேன். எழ இயலாத அம்மா என்னைக் கூப்பிட்டுக்கொண்டே கிடந்தாராம்.

ஜெர்மனியில் மாமியாரைப் பராமரிக்கும் தங்கையிடம் இதனைத் தொலைபேசியில் கூறினேன். அங்கே 1995இல் தொடங்கிய பராமரிப்புக் காப்புறுதி, வீட்டில் நோயாளியைப் பார்ப்பவர் இளைப்பாறும் நாட்களில் மாற்று ஏற்பாட்டுக்கும் பணம் தருகிறது. 2025 ஜூலை முதல் ஆண்டுக்கு 3,539 யூரோ வரை.

“ஒரு கிழமை கடலைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தேன், அக்கா” என்றாள்.

கடல் எனக்குக் கூப்பிடு தூரம். கண்டுதான் எத்தனை மாதங்கள்!

இங்கே ‘அஸ்வெசும’ திட்டத்தில் 70 வயது கடந்த அம்மாவுக்கு மாதம் 5,000 ரூபாய் கிடைக்கிறது. பராமரிப்பவரின் ஓய்வுக்கென அதில் ஒரு சதமும் இல்லை. அதைக் கேட்பது பெற்றவளைப் பாரமென்று கூறுவதாகுமோ என நாணியிருந்தேன், சகோதரிகளே. விழுந்த பின் அந்த நாணம் போயிற்று. கிராம அலுவலரிடம் கேட்டேன். “எழுதித் தாருங்கள், மேலே அனுப்புகிறேன்” என்றார். எழுதிக் கொடுத்துள்ளேன்.

அதுவரை, வியாழன் பிற்பகல்களில் அம்மாவுக்குத் துணையிருக்க அயல்வீட்டு மாமி இசைந்துள்ளார். கூலி 500 ரூபாய், அந்த 5,000இலிருந்தே.

முதல் வியாழன் நான் கடற்கரைக்குப் போகவில்லை. உறங்கினேன்.