மூட்டைச் சிப்பாய்

பொழுது புலருமுன்பே விழித்துக்கொள்ளும் ஊர், நம் போடிநாயக்கனூர். ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிச் செல்லும் ஜீப்புகள் 17 கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து போடிமெட்டு ஏறும். அடிவாரத்திலோ, காய்க்கடைகளில் பெண்கள் அமர்ந்து ஏலக்காயைத் தரம் பிரிப்பர். பருத்தது ஒருபுறம், சிறுத்தது ஒருபுறம், வெடித்தது வேறொருபுறம். பிறகு மூட்டை கட்டப்படும், எடை பார்க்கப்படும், எண் எழுதப்படும். விருந்திலே அந்தக் காயின் மணத்தை நுகர்வோர், விளைவித்த தோட்டத்தை எண்ணுவர்; வாங்கி விற்ற வணிகரையும் எண்ணுவர். தரம் பிரித்த தாயையும், மூட்டை சுமந்த தோளையும் எண்ணிப் பார்ப்போர் எத்தனை பேர்?

அப்படித் தரம் பிரித்த தாய் ஒருத்தியின் மகன்தான் நம் தாய்மாமன். 1988-இல், 19-ஆம் வயதில், இந்தியப் படையில் சேர்ந்தார். படைக்கு உணவும் எரிபொருளும் வழங்கும் ஆர்மி சர்வீஸ் கோர் என்னும் பிரிவிலே பண்டகக் காப்பாளர் வேலை. பெங்களூரில் பயிற்சி, பின்னர் வடக்கே பல கிடங்குகள். சிப்பாயாகச் சேர்ந்தவர், நாயக் ஆகி, ஹவில்தார் ஆகி, 17 ஆண்டுகள் கழித்து, 2005-இல் ஊர் திரும்பினார். மார்பிலே வீரப்பதக்கம் இல்லை. கையிலே ஓர் இரும்புப்பெட்டி இருந்தது.

அப்போது நமக்கு வயது 7. பள்ளித் தோழர்கள் புடைசூழ அவரிடம் சென்று, "மாமா, எத்தனை எதிரிகளைச் சுட்டீர்கள்?" என்று கேட்டோம்.

"ஒருவரையும் சுடவில்லையப்பா. சுடுபவர்களுக்குச் சோறு அனுப்பினேன்" என்றார்.

சிரித்தனர் தோழர்கள். "மூட்டைச் சிப்பாய்" என்று பெயரும் சூட்டினர். நாணினோம் நாம்! அடுத்த ஆண்டு வேறு பள்ளிக்கு மாறியதும், மாமா பனிமலை உச்சியில் துப்பாக்கி ஏந்தி நின்றார் என்று கதை கட்டினோம். பொய் சொன்ன பிள்ளைக்கு வயது எட்டு. அந்தப் பொய்யைச் சொல்லவைத்த எண்ணத்திற்கோ வயது ஈராயிரம்!

எந்த எண்ணம் அது? வாளெடுப்பவன் மேலோன், சுமையெடுப்பவன் கீழோன் என்ற எண்ணம். தோளிலே பிறந்தவன் ஆள்வான், காலிலே பிறந்தவன் தொண்டு செய்வான் என்று எழுதிவைத்தவர்கள் ஊட்டிய நஞ்சு அது. வெள்ளையனும் அந்த நஞ்சுக்குப் புதுக்குப்பி தேடினான். 1857-க்குப் பிறகு, 'போர்க்குணம் கொண்ட இனங்கள்' என்றொரு பட்டியல் எழுந்தது. 1885 முதல் 1893 வரை இந்தியப் படையின் தலைமைத் தளபதியாக இருந்த ராபர்ட்ஸ், சென்னைப் படையினரிடம் போர்க்குணம் குன்றிவிட்டது என்று கருதினார். தென்னாட்டுப் படைப்பிரிவுகள் சுருங்கின. ஆனால் இரண்டாம் உலகப் போர் மூண்டு ஆட்கள் வேண்டியபோது என்ன நடந்தது? பட்டியலை ஓரத்தில் வைத்துவிட்டு, தென்னாட்டு இளைஞர்களைப் பெருந்தொகையாகச் சேர்த்தனர்! பிறப்பிலே இல்லாத வீரம், தேவை வந்ததும் எங்கிருந்து வந்தது? இல்லாமல் இருந்தது வீரமல்ல தோழர்களே, அதைக் காணும் கண்!

மாமாவின் வேலை என்ன என்பதைக் கல்லூரியில் பட்டம் பெற்ற பின்னரே அவரிடம் பொறுமையாகக் கேட்டறிந்தோம். 1999-இல் கார்கில் போர் நடந்தபோது அவர் லடாக் பகுதிக் கிடங்கொன்றில் இருந்தார். ஸ்ரீநகரிலிருந்து லே செல்லும் நெடுஞ்சாலையை நோக்கும் சிகரங்களில் எதிரிகள் அமர்ந்திருந்தனர். சாலையிலே குண்டுகள் விழுந்தன. ஆகவே, விளக்கை அணைத்துவிட்டு இருளிலே ஊர்ந்தன லாரிகள். லாரி செல்ல முடியாத இடத்தில் கோவேறு கழுதைகள்; கழுதையும் ஏறாத இடத்தில் மனிதத் தோள்கள். மாவு, பருப்பு, மண்ணெண்ணெய் எல்லாம் அவ்வாறே மேலேறின. எந்த முகாமுக்கு எத்தனை நாளுக்கு இருப்பு, எது முன்னே வந்தது, எது முன்னே வெளியேற வேண்டும் என்பதை ஏட்டிலே பதிந்தவர் மாமா. ஓர் எண் தவறினால் மலைமேல் ஒரு குழு பட்டினி கிடக்கும். அந்த எண்ணைத் தவறாமல் எழுதும் கைக்கு வீரம் இல்லையா?

இன்னொன்றும் சொன்னார். ஒருமுறை, ஈரம் ஏறிய பருப்பு மூட்டைகளை நல்லவை என ஏற்றுக் கையொப்பமிடும்படி, கொண்டுவந்தவன் குழைந்தான், பிறகு மிரட்டினான். மாமா மூட்டைக்குள் கைவிட்டார், அள்ளினார், அழுத்தினார், திருப்பி அனுப்பினார். "ஈரம் எப்படித் தெரிந்தது?" என்று கேட்டோம். "காய்க்கடையில் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன்தானே நான்! ஏலக்காயின் ஈரம் அறிந்த விரலுக்குப் பருப்பின் ஈரமா தெரியாது?" என்றார். தாயின் கூலிவேலை தந்த அறிவு அது.

வள்ளுவர் அரசுக்கு உரிய ஆறு உறுப்புகளை எண்ணியபோது, படையோடு கூழையும் சேர்த்தே எண்ணினார். நாமோ படையை வாழ்த்தினோம், கூழை மறந்தோம். 1940-இல் டன்கர்க் கடற்கரையில் பிரிட்டிஷ் படை பின்வாங்கியபோது, அங்கே இந்தியக் கோவேறு கழுதைப் பிரிவினரும் இருந்தனர். டன்கர்க்கைப் பற்றிப் பேசுவோருள் அவர்களைப் பற்றிப் பேசுவோர் மிகச் சிலர். அவ்வளவு தூரம் போவானேன்? 1928-இல் போடிக்கு வந்த ரயில் பாதையே உலகப் போரின் தேவைக்காக 1942-இல் பெயர்த்தெடுக்கப்பட்டது. 1950-களில்தான் மீண்டும் போடப்பட்டது. போர் என்பது துப்பாக்கி மட்டுமன்று. தண்டவாளமும், மூட்டையும், கணக்கேடும்கூட என்பதற்கு நம் ஊர் நிலையமே சான்று.

இவையெல்லாம் இப்போது ஏன் என்று கேட்பீர்கள். 12-ஆம் வகுப்பு மாணவன் ஒருவன், சுமைதூக்கும் தொழிலாளியின் மகன், சென்ற மாதம் நம்மிடம் வந்தான். "ஐயா, படையில் எழுத்தர், பண்டகக் காப்பாளர் பிரிவுக்கு விண்ணப்பிக்க ஆசை. அப்பாவோ, நான்தான் மூட்டை தூக்குகிறேன், நீயும் அங்கே போய் மூட்டை எண்ணுவதா என்கிறார். என்ன செய்யட்டும்?" என்றான்.

பெருமை பேசி அனுப்பிவிடலாம். அது ஆசிரியருக்கு அழகன்று. மாமாவுக்கு 15 ஆண்டு பணியாற்றினால் ஓய்வூதியம் என்ற விதி இருந்தது. 2022-இல் வந்த அக்னிபத் திட்டத்தில் பணி 4 ஆண்டு. முடிவில் 100-க்கு 25 பேர் வரையே நிலைப்படுத்தப்படுவர். ஏனையோர் சேவா நிதியாகச் சுமார் 11.71 லட்சம் ரூபாயுடன், ஓய்வூதியம் இன்றித் திரும்புவர். இதை ஒளிக்காமல் கூறினோம். "கணக்கிட்டுப் பார். போவதானால் தொழிலைக் கற்கப் போ. திரும்பி வந்தாலும் அந்தத் தொழில் உன்னோடு வரும். எண்ணுவது இழிவு என்று மட்டும் எண்ணாதே!" என்றோம்.

பின்னர் அவனை மாமாவிடம் அழைத்துச் சென்றோம். அவன் முன்னிலையிலேயே, எட்டு வயதில் நாம் கட்டிய துப்பாக்கிக் கதையைச் சொல்லி, பொறுத்தருள வேண்டினோம்.

மாமா சிரித்தார். "அந்தப் பிள்ளைகள் வைத்த பெயர் பொய்யில்லையேயப்பா! மூட்டைச் சிப்பாய்தான் நான். நீதான் அதை மறைத்தாய்" என்றார். பின் இரும்புப்பெட்டியைத் திறந்து, பழைய குறிப்பேடு ஒன்றை எடுத்து, மாணவனைப் பக்கத்தில் அமர்த்தி, இருப்புக் கணக்கு எழுதும் முறையைச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினார். பையன் படையில் சேர்வானோ மாட்டானோ, முடிவு அவனுடையது. ஆனால் அன்று மாலை வீடு சென்றவன், தந்தையின் தோளிலிருந்த தழும்பைத் தொட்டுப் பார்த்தானாம். மறுநாள் நம்மிடம் சொன்னான்.

தோழர்களே! உங்கள் இல்லத்திலும் ஒரு மூட்டைச் சிப்பாய் இருப்பார். நாணாமல் அவர் கதையைக் கேளுங்கள்.