மாலைப் பாலும் ஏரல் அடுப்பும்

ஏரல் பக்கத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருந்தார்: ‘இரண்டு கறவை மாடு வைத்திருக்கிறோம். காலைப் பால் சொசைட்டிக்குப் போய்விடுகிறது. மாலைப் பால் தேங்குகிறது. வீட்டிலேயே சீஸ் செய்யலாமா?’ ஸ்ரீவைகுண்டத்தில் ஒரு வேலை இருந்ததால், பதிலை நேரிலேயே சொல்லிவிடலாம் என்று கிளம்பினேன்.

ஸ்ரீவைகுண்டம் தாமிரபரணியின் கடைசி அணைக்கட்டு. அங்கிருந்து ஏரல் வரை வாழை, நெல், இடையிடையே வெற்றிலைக் கொடிக்கால். 2023 டிசம்பர் வெள்ளத்தில் இந்தப் பச்சை முழுவதும் தண்ணீருக்குள் போனது. ஏரலுக்கு வழியே அற்றுப்போனது. “கறந்த பாலைக் கொண்டுபோக முடியல சார். வாய்க்கால்லதான் ஊத்தினோம்” என்றார் அந்த அக்கா. கேள்வி அன்று முளைத்தது.

சீஸ் என்றால் கடையில் பார்க்கும் மஞ்சள் கட்டிதான் அவர் மனதில் இருந்தது. அதற்கு உறைய வைக்க ரென்னெட் வேண்டும். பிறகு மாதக்கணக்கில் 10 முதல் 13 டிகிரி குளிரில் பதமாக வேண்டும். கொடைக்கானலுக்கு மலைக்காற்று கைகொடுக்கிறது. ஆரோவில்லிலும் செய்கிறார்கள், ஆனால் அந்த வெயிலில் குளிரறை இல்லாமல் நடக்காது. இரண்டு மாட்டுக்காரர் குளிரறை கட்டினால் மாடே மிஞ்சாது. ஏரலுக்கு ஏற்றது பனீர். அதுவும் சீஸ் வகைதான்.

“பாலைத் திரிய விட்டா வீட்டுக்கு ஆகாது” என்று திண்ணையிலிருந்து அவருடைய அத்தை குரல் கொடுத்தார். “சீம்பாலைக் கட்டியாக்கிச் சாப்பிடுறோமே ஆச்சி, அதுவும் பால் கட்டிப்படுறதுதானே” என்றேன். அவர் சிரிக்கவில்லை.

ஐந்து லிட்டர் பாலை அடுப்பில் ஏற்றினோம். 90 டிகிரி வரை சூடாக்கி, இறக்கி, 80-க்கு ஆறவிட வேண்டும். லிட்டருக்கு 2 கிராம் சிட்ரிக் அமிலம், 200 மில்லி வெந்நீரில் கரைத்தது. நான் முதன்முதலாக என் வீட்டில் செய்தபோது, கொதிக்கக் கொதிக்க எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து ரப்பர் மாதிரி ஆக்கியவன். அதனால் தெர்மாமீட்டரை விடவே மாட்டேன். மெதுவாக ஊற்றிக் கிளற, கொஞ்ச நேரத்தில் பச்சை சாயல் நீர் பிரிந்தது. அப்போதே நிறுத்திவிட வேண்டும். மேலும் ஊற்றினால் புளிக்கும். துணியில் வடித்து, மேலே அம்மிக் குழவியை வைத்து இருபது நிமிடம் அழுத்தி, பிறகு குளிர்ந்த நீரில் போட்டோம்.

எடை 740 கிராம். பசும்பாலில் லிட்டருக்கு 150 கிராம் வந்தால் நல்ல கணக்கு; எருமைப்பாலில் 200 வரும்.

இனி காசு. அவருக்கு மாலைப் பால் லிட்டர் 32 ரூபாய் என்று வைத்தால் 160. பனீரை உள்ளூர் ஹோட்டலில் கிலோ 320-க்கு எடுத்தால் 237. மிச்சம் 77 ரூபாய். அதில் கேஸ், ஒன்றரை மணி நேர உழைப்பு. ஆகவே காலைப் பாலைச் சொசைட்டியிலிருந்து நிறுத்தாதீர்கள். தேங்கும் பாலுக்கு மட்டும் இது சரி. வடிந்த நீரைச் சப்பாத்தி மாவில் பிசையலாம், தவிட்டில் கலந்து மாட்டுக்கும் கொஞ்சம் வைக்கலாம். சாக்கடையில் கொட்டுவதுதான் நஷ்டம்.

மடிநோய்க்கு ஊசி போட்ட மாட்டின் பாலை, மருத்துவர் சொன்ன நாள் கழியும்வரை தொடக் கூடாது. இந்த வெயிலில் பனீர் வெளியே ஒரு நாள்கூடத் தாங்குவது சந்தேகம். ஃபிரிட்ஜில் ஐந்தாறு நாள். தூத்துக்குடி உப்பை நீரில் கரைத்து அதில் அமிழ்த்தி ஃபிரிட்ஜில் வைத்தால் இன்னும் கொஞ்சம் தாங்கும். விற்பதற்கு உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு கட்டாயம்.

“வெள்ளம் வந்தா கரண்டும் இருக்காதே சார், ஃபிரிட்ஜ் எப்படி ஓடும்?” என்று அக்கா கேட்டார். கேள்வி நியாயம். அந்த மாதிரி நாளுக்கு வெண்ணெய் எடுத்து நெய்யாகக் காய்ச்சி வைக்கச் சொன்னேன். ஆச்சி அதற்கு மட்டும் தலையாட்டினார்.