பேச்சு போன வாத்தியார்

மரக்காணத்துல ஒரு நாடகம் பார்த்தேன். அதைப் பற்றியும், பக்கவாதத்தால பேச்சு இழந்தவங்களைப் பற்றியும் ஒரு நீண்ட இழை. பொறுமையா படிங்க மக்களே.

1. நவம்பர்ல மரக்காணம் உப்பளத்துல வேலை கிடையாது. பாத்தியெல்லாம் மழைத் தண்ணி. அப்படி வேலை இல்லாத ஒரு சாயங்காலம், உப்பளத் தொழிலாளர் குடியிருப்புக்குப் பக்கத்துக் கோயில் திடல்ல, ஒரே நடிகர் ஒரு ஆர்மோனியத்தோட வந்து சங்கரதாஸ் சுவாமிகளுக்கு அஞ்சலி நாடகம் போட்டார்.

2. சுவாமிகளைத் தெரியாதவங்களுக்கு: வள்ளி திருமணம், பவளக்கொடி, சத்தியவான் சாவித்திரி எல்லாம் அவர் எழுதியது. பிறந்தது 1867. மதுரையில 1918ல் சிறுவர்களை வைத்து நாடக சபை தொடங்கினார். டி.கே.எஸ். சகோதரர்கள் அங்கே பாடம் கற்றவங்க. அபிமன்யு நாடகத்தை ஒரே ராத்திரியில, பாட்டு வசனம் எல்லாம் சேர்த்து எழுதி முடிச்சார்னு சொல்வாங்க.

3. அப்படிப்பட்டவரைக் கடைசிக் காலத்துல பக்கவாதம் தாக்கியது. பேச்சும் போச்சு. 1922 நவம்பர் 13ஆம் தேதி புதுச்சேரியில் காலமானார். சமாதி கருவடிக்குப்பத்தில இருக்கு. மரக்காணத்திலிருந்து ஈசிஆர்ல தெற்கே போனா ஒரு மணி நேரம்கூட ஆகாது.

4. நடிகர் எமனா வந்தார், சனீஸ்வரனா வந்தார். சுவாமிகள் போட்ட வேஷங்கள்தான். சனம் விசிலடிச்சது. அப்புறம் நாற்காலியில உட்கார்ந்தார். வாய் ஒரு பக்கம் கோணல், வலது கை மடியில செத்துக் கிடக்கு. எதிரே பையன்கள் ஒத்திகை பார்க்கிற மாதிரி பாவனை. ஒருத்தன் தாளம் தப்புறான். வாத்தியாருக்குத் தெரியுது, சொல்ல வாய் வரலை. இடது கையால நாற்காலியைத் தட்டித் தட்டித் திருத்துறார்.

5. இந்தக் காட்சி நடிகரோட கற்பனை. ஆனா மருத்துவத்துக்குப் பொருந்துற கற்பனை. பெரும்பாலானவங்களுக்குப் பேச்சு மையம் மூளையோட இடது பக்கம். அங்கே அடிபட்டா வலது கை, காலும் பேச்சும் சேர்ந்து போகலாம். ஆனா பலருக்குப் புரியுற சக்தி மிஞ்சியிருக்கும். ஒரு வார்த்தை பேச முடியாதவர் பழைய பாட்டைப் பாடுறதைக்கூட நாங்க பார்த்திருக்கோம்.

6. திடல்ல எனக்குப் பக்கத்துல ஒரு அம்மா. கூட அவங்க வீட்டுக்காரர், பழைய உப்பளத் தொழிலாளி. பக்கவாதம் வந்து ரெண்டு வருஷம், பேச்சில்லை. அந்த அம்மா மெதுவா கேட்டாங்க: "சார், அப்ப இவருக்கும் உள்ள எல்லாம் புரியுதா?"

7. பரிசோதிக்காம பதில் சொல்லக்கூடாது. சிலருக்குப் புரியுற சக்தியும் சேர்ந்து போயிருக்கும். மறுநாள் வரச் சொன்னேன். "இது பேனாவா?", "உங்களுக்கு ரெண்டு பிள்ளைங்களா?"ன்னு ஆமா, இல்லைன்னு தலையாட்டுற கேள்விகளாக் கேட்டேன். ஒண்ணுகூடத் தப்பலை.

8. அந்த அம்மா முகம் வெளிறிப்போச்சு. ரெண்டு மாசமா அவரை வச்சுக்கிட்டே, அவர் வாங்கின மனையை விக்கிற பேச்சு வீட்டுல ஓடியிருக்கு. "அவருக்கு என்னா தெரியப்போவுதுன்னு நெனச்சோம் சார்." அங்கேயே அவர் பக்கம் திரும்பி, "மனைய வித்துடலாமாய்யா?"ன்னு கேட்டாங்க. வேண்டாம்னு தலையாட்டினார். அழுத்தமா, ரெண்டு தடவை.

9. மனையை என்ன செய்வாங்கன்னு எனக்குத் தெரியாது. ஆனா இனிமே அந்தப் பேச்சுல அவரும் ஒரு ஆள். (இருவர் சம்மதத்தோட, அடையாளம் மாற்றி எழுதுறேன்.)

10. உங்க வீட்டுலயும் இப்படி ஒருத்தர் இருந்தா: டிவியை நிறுத்துங்க. எதிரே உட்கார்ந்து சின்னச் சின்ன வாக்கியமா பேசுங்க. ஆமா, இல்லைன்னு பதில் சொல்ற மாதிரி கேளுங்க. குழந்தைகிட்டப் பேசுற மாதிரி வேண்டாம். பேச்சுப் பயிற்சி நிபுணர்கிட்ட அழைச்சுட்டுப் போங்க. வருஷம் கழிஞ்சும் முன்னேற்றம் வரலாம்.

11. வாய் கோணினா, ஒரு கை தூக்க முடியலைன்னா, பேச்சு குழறினா, உடனே 108. விரல்ல ஊசி குத்துறது, வாயில தண்ணி ஊத்துறது கூடாது. ரத்தக்கட்டி அடைப்பா இருந்தா அதைக் கரைக்கிற ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் கெடு. சிடி ஸ்கேன் உள்ள மருத்துவமனைக்கே நேரா போங்க. பிபி மாத்திரையை நீங்களா நிறுத்தாதீங்க.

12. 1922ல் ஸ்கேனும் இல்லை, இந்த ஊசியும் இல்லை. இன்னைக்கு இருக்கு. அதைவிட முக்கியம், பேச முடியாதவர்கிட்ட ஒரு கேள்வி கேட்டுட்டு அவர் பதிலுக்காக ஒரு நிமிஷம் காத்திருக்கிறது. அதுக்கு எந்தக் காலத்துலயும் மருந்து தேவைப்பட்டதில்லை.